ஏட்டில் ஒன்று, உடம்பில் ஒன்று

முதியோர் பராமரிப்பு இல்லங்களின் பதிவேடுகள் பற்றி வாசகர்கள் கேட்டவை

கேள்வி: பராமரிப்பு இல்லத்தில் இருக்கும் அம்மாவின் சார்ட்டில் தினமும் ரத்த அழுத்தம் 120/80, நாடி 72, சுவாசம் 18 என்றே இருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: சந்தேகப்படுங்கள். நாடியும் அழுத்தமும் நாளுக்கு நாள் கொஞ்சமாவது ஏறி இறங்கும். ஒரே எண்கள் வரிசையாக நின்றால், நேற்றைய வரியைப் பார்த்து இன்றைய வரியை எழுதியிருக்கிறார்கள் என்றே முதலில் நினைக்கத் தோன்றும். அதிகம் ஏமாற்றுவது சுவாச எண்ணிக்கைதான். நெஞ்சு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் பார்த்து எண்ண வேண்டும். நேரமில்லாதவர் 18 என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். முதியவர்களுக்கு நிமோனியா காய்ச்சலே இல்லாமலும் வரும். வேகமான மூச்சுதான் பல நேரம் முதலில் காட்டிக்கொடுக்கும். நிமிடத்துக்கு 25ஐத் தொட்டால் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அடுத்த முறை போகும்போது, உங்கள் எதிரிலேயே ஒருமுறை எண்ணச் சொல்லுங்கள். கோபமாகக் கேட்க வேண்டியதில்லை.

கேள்வி: ஓர் இல்லத்தில் போன மாதம் 6 பேர் விழுந்தார்களாம், இன்னொன்றில் 4 பேர்தான். அப்பாவை இரண்டாவதில் சேர்க்கலாமா?

பதில்: எத்தனை பேரில் 6, எத்தனை பேரில் 4 என்று கேட்டீர்களா? முதல் இல்லத்தில் 40 பேர் 30 நாள் தங்கியிருந்தால் 1,200 ஆள்-நாள். 6ஐ 1,200ஆல் வகுத்து 1,000ஆல் பெருக்கினால் 5, அதாவது 1,000 ஆள்-நாளுக்கு 5 முறை விழுந்திருக்கிறார்கள். இரண்டாவதில் 15 பேர்தான் என்றால் 450 ஆள்-நாள். அங்கே விகிதம் ஏறக்குறைய 9. படம் தலைகீழாகிவிட்டது. ஆனால் 15 பேர் உள்ள இடத்தில் ஒருவர் கூடுதலாக விழுந்தாலே விகிதம் எகிறும். அதனால் ஒரு மாதத்தை வைத்து முடிவு செய்யாமல் 6 மாதக் கணக்கைக் கேளுங்கள்.

அடுத்து, எதை விழுந்ததாகக் கணக்கில் சேர்க்கிறார்கள்? காயம் பட்டால் மட்டும் எழுதும் இல்லங்கள் உண்டு. கட்டிலிலிருந்து சறுக்கித் தரையில் உட்கார்ந்திருந்தவரைத் தூக்கி விட்டதும் விழுந்ததில்தான் சேரும். அதையும் எழுதுகிற இல்லத்தின் எண் கூடித்தான் தெரியும். அது நேர்மைக்குக் கிடைக்கும் கெட்ட பெயர்.

எண்ணைவிட விழுந்த பிறகு எழுதியதைப் பாருங்கள். மணி என்ன, எங்கே, என்ன செய்யப் போனார், காலில் என்ன போட்டிருந்தார்? ஒரே ஆள் மூன்று முறையும் விடியற்காலை கழிப்பறைக்குப் போகும்போது விழுந்திருந்தால், அந்த நேரத்துக்குச் சற்று முன்பே யாராவது எழுப்பிக் கூட்டிப்போனால் போதும். படுத்த நிலையிலும், எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தம் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மருந்துச் சீட்டை மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும்.

கேள்வி: பாட்டியின் எடை ஒரே மாதத்தில் 52 கிலோவிலிருந்து 49 ஆகிவிட்டது. கேட்டால் தராசுக் கோளாறு என்கிறார்கள்.

பதில்: இருக்கலாம். சக்கர நாற்காலியோடு நிறுத்து நாற்காலி எடையைக் கழிக்கும்போது மெத்தையையும் கால் தாங்கியையும் மறந்துவிடுவது வழக்கமான தவறு. கால் வீக்கம் வடிந்தாலும் எடை குறையும். ஆனால் கோளாறு என்று சொல்லிவிட்டு அடுத்த மாதம்வரை காத்திருப்பது பதிலாகாது. மறுநாள் காலையே, கழிப்பறை போய் வந்தபின், சாப்பாட்டுக்கு முன், அதே தராசில் மறுபடி நிறுத்த வேண்டும். ஒரு மாதத்தில் 5 சதவீதம், 6 மாதத்தில் 10 சதவீதம் குறைந்தால் அதைக் கவலைக்குரிய இழப்பாக எடுத்துக்கொள்வார்கள். 52க்கு 5 சதவீதம் 2.6 கிலோ, பாட்டி அதைத் தாண்டிவிட்டார். உண்மைதான் என்றால் பல்செட் தளர்ந்திருக்கிறதா, விழுங்கும்போது இருமுகிறாரா, புதிதாக ஏதாவது மாத்திரை சேர்ந்ததா என்று வரிசையாகப் பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் போங்கள். ‘முழுதும் சாப்பிட்டார்’ என்ற வரிக்கும் திரும்பிப் போகும் தட்டுக்கும் உள்ள தூரம் அங்கே தெரியும்.

கேள்வி: படுக்கைப்புண்ணுக்கு ‘பிரேடன் ஸ்கோர் 14’ என்று எழுதியிருக்கிறார்கள். நல்லதா, கெட்டதா?

பதில்: 6 முதல் 23 வரை போகும் அளவு அது. குறையக் குறைய ஆபத்து. 18 அல்லது அதற்குக் கீழே வந்தாலே கவனம் வேண்டும். மொத்தத்தோடு நிற்காமல் ஈரம், அசைவு, ஊட்டம் போன்ற 6 பிரிவுகளில் எதில் குறைந்தது என்று கேளுங்கள், ஏனென்றால் வைத்தியம் அதற்குத்தான். புரட்டிப் படுக்க வைத்த பதிவில் 4 மணிக்கு ‘இடப்பக்கம்’ என்றிருந்து நாலேகாலுக்கு அவர் மல்லாந்து கிடந்தால் காரணம் கேளுங்கள். வால் எலும்புப் பகுதியிலும் குதிகாலிலும் சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் முதல் நிலைப் புண் ஏற்கெனவே வந்துவிட்டது. கருத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.