கேமரா இல்லை, ஸ்டியரிங் இருக்கிறது: 1 சீரிஸ் கேள்வி பதில்

பி.எம்.டபிள்யூ 1 சீரிஸின் இரண்டாம் தலைமுறை, அதாவது எஃப்20, 2011-இல் வந்து 2019-இல் நின்றுபோனது. இப்போது பழைய வண்டியாகக் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பதால் இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கமும் ஜோஹன்னஸ்பர்க் பக்கமும் நம்மவர்கள் விசாரித்தபடி இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே தவிப்புதான். ஓட்டிப் பார்த்தால் விட மனமில்லை, வசதிப் பட்டியலைப் பார்த்தால் வாங்க மனமில்லை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கே (சாட்ஸ்வொர்த்): அண்ணா, 2017 மாடல் 120ஐ (120i) ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ரிவர்ஸ் கேமரா இல்லை, போனைக் காரின் திரையில் காட்டுகிற கார்ப்ளே இல்லை, சீட்டைக் கையால்தான் நகர்த்த வேண்டும். அதே காசுக்கு இதெல்லாம் உள்ள சின்ன எஸ்.யூ.வி. கிடைக்கிறது. ஆனால் ஒரு தடவை ஓட்டிய பிறகு வேறு எதிலும் மனசு போகவில்லை.

ப: தம்பி, இல்லாத வசதிகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பிறகு மாட்டிக்கொள்ளக் கூடியவை ஒரு பக்கம், எவ்வளவு செலவு செய்தாலும் ஒழுங்காக மாட்ட முடியாதவை இன்னொரு பக்கம். நீங்கள் சொன்ன மூன்றில் கேமராவை எந்த ஆக்சஸரி கடையிலும் போட்டுத் தருவார்கள். கார்ப்ளேக்குப் பழைய திரையோடு இணைக்கிற பெட்டிகள் விற்கின்றன. சீட்டை ஒரு தடவை சரிசெய்துவிட்டால் அப்புறம் அதைத் தொட வேலையே இல்லை, வீட்டில் வேறு யாரும் அந்த வண்டியை ஓட்டாதவரை.

உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது எது என்று பாருங்கள். எஞ்சின் நீளவாக்கில், முன் அச்சிலிருந்து கொஞ்சம் பின்தள்ளி இருக்கிறது. இழுவை முழுக்கப் பின்சக்கரத்தில். எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி. முன்சக்கரங்களுக்குத் திரும்புகிற வேலை மட்டும்தான், அதனால் வளைவில் ஆக்சிலேட்டரை மிதித்தாலும் ஸ்டியரிங் கையில் இழுக்காது. அந்தக் காலத்தில் இதே அளவில் வந்த ஆடி ஏ3, மெர்சிடீஸ் ஏ-கிளாஸ், வோல்வோ வி40 எல்லாமே முன்சக்கர இழுவையை அடிப்படையாக வைத்துச் செய்தவை. இந்த அமைப்பை எந்தக் கடையிலும் போய் மாட்டிக்கொள்ள முடியாது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஜெர்மன் கம்பெனிகள் வண்டியை ஒரு விலைக்கும் வசதிகளைத் தனித்தனி விலைக்கும் விற்பவர்கள். ஒரே வருடம், ஒரே நிறம், ஒரே பெயர் கொண்ட இரண்டு 120ஐ உள்ளே வேறு வேறாக இருக்கும். சேஸிஸ் எண்ணின் கடைசி ஏழு எழுத்துகளைக் கொடுத்தால் அந்த வண்டி ஃபேக்டரியிலிருந்து என்னென்னவோடு வந்தது என்ற பட்டியல் கிடைத்துவிடும். முதல் உரிமையாளர் கேமராவை விட்டுவிட்டு ஸ்போர்ட் சீட்டும், சாலைக்கேற்ப மாறுகிற அடாப்டிவ் சஸ்பென்ஷனும் போட்டிருந்தால், அவர் விஷயம் தெரிந்தவர். அந்த வண்டியை விட்டுவிடாதீர்கள்.

கே (டொங்காட்): நான் பார்த்த 118ஐ (118i) வண்டியில் சாதாரண ஹாலஜன் விளக்குதான். அது பெரிய குறையா?

ப: பெரிய குறைதான். திரை சின்னதாக இருக்கிறது, சீட்டில் சூடு இல்லை என்று வருத்தப்படுகிறவர்கள் யாரும் இதைப் பற்றிக் கேட்பதே இல்லை. உங்கள் பக்கம் கரும்புத் தோட்டச் சாலைகளில் இருட்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வெட்டுக் காலத்தில் கரும்பு லாரி பின்விளக்கு இல்லாமல் நிற்கும், ஓரத்தில் ஆள் நடந்து போவார். ஹாலஜன் வண்டிக்கு முறையான செனானோ எல்.ஈ.டி.யோ மாட்டுவது வெறும் பல்பு மாற்றுகிற வேலை இல்லை. முழு விளக்குத் தொகுதி, கண்ட்ரோல் யூனிட், கோடிங் எல்லாம் சேர்ந்தது. ஹாலஜன் கூட்டுக்குள் மலிவான எல்.ஈ.டி. பல்பைச் செருகினால் எதிரே வருபவரின் கண்தான் கூசும். 2015-க்குப் பிந்தைய, முகம் மாறிய மாடலில் எல்.ஈ.டி. உள்ள வண்டியாகத் தேடுங்கள். அதற்காக ஒரு மாதம் காத்திருந்தாலும் தகும்.

கே (லெனேசியா): ஸ்பேர் வீலே இல்லை என்கிறார்களே! ஃப்ரீ ஸ்டேட் மாகாணச் சாலைக் குழிகளில் எப்படி ஓட்டுவது?

ப: நம் நாட்டில் இந்த வண்டியின் உண்மையான குறை இதுதான். ஃபேக்டரியிலிருந்து வந்தது ரன்-ஃப்ளாட் டயர். காற்று முழுக்கப் போனாலும் 80 கி.மீ. வேகத்துக்குள் சுமார் 80 கி.மீ. தூரம் போகலாம். ஹாரிஸ்மித் தாண்டி இரவில் நிற்க வேண்டிவராது என்பது நல்லதுதான். ஆனால் டயரின் பக்கச் சுவர் கட்டையாக இருப்பதால் சின்ன மேடு பள்ளம்கூட முதுகில் தெரியும். பெரிய குழியில் விழுந்தால் டயர் கிழியும், ரிம்மிலும் விரிசல் விழலாம். கிழிந்த டயருக்கு ரன்-ஃப்ளாட் ஒன்றும் செய்யாது.

என் யோசனை, ரிம்மை 17 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 18 அங்குலம் பார்க்க அழகு, பணத்துக்கு எமன். டயர் தேய்ந்த பிறகு சாதாரண டயருக்கு மாறுகிறவர்கள் நிறையப் பேர். வண்டி மெத்தென்று ஆகிவிடும், ஸ்டியரிங்கும் இன்னும் நன்றாகப் பேசும். அப்படி மாறினால் பம்ப்பும் பஞ்சர் பசையும் டிக்கியில் இருக்க வேண்டும். டயர் அழுத்த எச்சரிக்கை வேலை செய்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள், இன்சூரன்ஸ்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தூரப் பயணத்துக்கு மட்டும் ஒல்லி ஸ்பேர் ஒன்றை டிக்கியில் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. 360 லிட்டர் டிக்கியில் அது தின்கிற இடம்தான் தொந்தரவு.

கே (ஃபீனிக்ஸ்): மாமியாருக்கு முழங்கால் வலி. வெள்ளிக்கிழமை கோவிலுக்கு அவர்களைப் பின்சீட்டில் கூட்டிப்போக வேண்டும். சரிப்படுமா?

ப: அக்கா, நேராகச் சொல்கிறேன், சரிப்படாது. பின்சக்கரத்துக்குப் போகிற தண்டு நடுவில் ஓடுவதால் பின்னால் தரை மேடாக இருக்கும், கால் நீட்ட இடம் குறைவு, கதவும் சின்னது. ஓட்டுகிறவருக்குக் கிடைக்கிற சுகத்துக்குப் பின்னால் இருப்பவர்தான் விலை கொடுக்கிறார். மாமியாரை முன்சீட்டில் உட்காரவைத்து நீங்கள் ஓட்டினால் சரி. முன்சீட்டில் மாமனார்தான் உட்கார வேண்டும் என்றால் வேறு வண்டி பாருங்கள். மூன்று கதவு மாடல் பக்கம் போகவே போகாதீர்கள்.

கே (பெனோனி): 118ஐ மூன்று சிலிண்டர் போதுமா? இங்கே உயரத்தில் எஞ்சின் தளர்ந்துவிடும் என்கிறார்கள்.

ப: டர்போ இல்லாத எஞ்சின் உங்கள் 1,700 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். இதில் உள்ள டர்போ வெளியிலிருந்து காற்றை அழுத்தித் தருவதால் அந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. 2015-க்குப் பிறகு வந்த 1.5 லிட்டர் 118ஐ 100 கிலோவாட், 220 நியூட்டன் மீட்டர். நால்வரோடும் சாமானோடும் வான் ரீனன் கணவாய் ஏறும், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு. உங்கள் பக்கம் 93 ஆக்டேன் பெட்ரோல் விற்றாலும் இதற்கு 95 போடுங்கள். எட்டு கியர் ஆட்டோமேட்டிக் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள், அந்த கியர்பாக்ஸ் அருமையானது. எம்140ஐ (M140i) பற்றியும் கேட்டிருந்தீர்கள். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், 250 கிலோவாட். 120 வேக வரம்புள்ள நாட்டில் அதில் பாதியைக்கூடத் தொட முடியாது. ஆனாலும் அந்தச் சத்தத்துக்காக வாங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

கே (உம்லாங்கா): சாவியை எடுக்காமலே கதவு திறக்கிற வசதி இல்லையாம். விட்டுவிடலாமா?

ப: இல்லாததே நல்லது. சாவியின் சிக்னலைத் தூரத்திலிருந்து நீட்டித் திருடுகிற வேலைக்கு அந்த வசதிதான் வாசல். பட்டன் அழுத்திப் பூட்டுகிற சாவியிலும் மால் பார்க்கிங்கில் ஜாமர் வைத்துப் பூட்டவிடாமல் செய்வார்கள். கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். அந்தக் காசில் ஜன்னலுக்கு, கண்ணாடியை உடைத்துப் பறிப்பதைத் தடுக்கிற ஸ்மாஷ் அண்ட் கிராப் ஃபிலிம் ஒட்டுங்கள். ரோபோவில், அதாவது சிக்னல் விளக்கில் நிற்கும்போது உதவுவது அதுதான்.

கே (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): 2019-க்குப் பிறகு வந்த அடுத்த தலைமுறை 1 சீரிஸ், எஃப்40-இல் பெரிய திரை, பின்னால் அதிக இடம், எல்லாம் இருக்கிறதே?

ப: இருக்கிறது, டிக்கியும் 380 லிட்டர். எஞ்சினைக் குறுக்கே வைத்து முன்சக்கர இழுவைக்கு மாறியதால் வந்த இடம் அது. குடும்பத்துக்கு அதுதான் சரியான கார், சந்தேகமே இல்லை. ஆனால் நன்றாக ஓடுகிற முன்சக்கர வண்டிதான் வேண்டுமென்றால் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ.-யையும் ஓட்டிப் பாருங்கள். ஏழாம் தலைமுறையைச் சொல்கிறேன். எட்டாம் தலைமுறையில் முதலில் வந்த வண்டிகளில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கவும் ஏ.சி.க்கும் விரலால் தடவுகிற பட்டை வைத்தார்கள், இரவில் அதற்கு வெளிச்சம்கூட இல்லை. வசதி என்ற பெயரில் வசதியைப் பிடுங்கிய கதை.

கே (ஸ்டாங்கர்): என் காலத்தில் வசதியைப் பார்த்தா கார் வாங்கினோம்? இந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று?

ப: ஐயா, உங்கள் காலத்திலும் இந்தத் திண்டாட்டம் இருந்தது. 1980-களின் நடுவில் பிரிட்டோரியா பக்கம் ரோஸ்லின் ஆலையில், நம் நாட்டுக்கென்றே பி.எம்.டபிள்யூ 333ஐ (333i) என்ற காரைச் செய்தார்கள். இருநூற்றுச் சொச்சம் வண்டிகள்தான். 3 சீரிஸின் சின்ன மூக்குக்குள் பெரிய ஆறு சிலிண்டர் எஞ்சினைத் திணித்ததில் இடம் போதவில்லை. ஏ.சி. வேண்டுமா, பவர் ஸ்டியரிங் வேண்டுமா, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று வாங்க வந்தவரிடமே கேட்டார்கள். பிப்ரவரி மாத டர்பன் புழுக்கத்தில் பவர் ஸ்டியரிங்கைத் தேர்ந்தெடுத்தவர் யாராவது இருந்தால் அவருக்கு என் வணக்கம். இன்று சேகரிப்பவர்கள் அதைத் தேடி அலைகிறார்கள்.

கே (வெருலம்): டீலர் ஹைவேயில் ஒரு சுற்று மட்டும்தான் விடுகிறார். அதில் எதைப் பார்ப்பது?

ப: ஹைவேயில் எல்லாக் காரும் நல்ல கார்தான். ஹில்கிரெஸ்ட்டிலிருந்து போத்தாஸ் ஹில் போகிற பழைய மெயின் ரோட்டில் விடச் சொல்லிக் கேளுங்கள், வளைவும் ஏற்றமும் ஒட்டுப்போட்ட தாரும் அங்கே இருக்கின்றன. ரேடியோவை அணைத்துவிடுங்கள். வீட்டிலிருந்து ஒருவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஓட்டுங்கள், திரும்பி வந்ததும் முதலில் அவரிடம் கேளுங்கள். முடிந்தால் மாலை இருட்டியபின் இன்னொரு தடவை போய் விளக்கைப் பாருங்கள். இதற்கெல்லாம் டீலர் முகம் சுளித்தால் அடுத்த டீலரைப் பாருங்கள், எஃப்20-க்குப் பஞ்சமில்லை.