பித்தளைக் கூட்டின் கழுத்து ஏன் பிளக்கிறது?

கேள்வி: ராணுவத்திலிருந்து கழிக்கப்பட்ட .30-06 (அமெரிக்க ரைபிள் அளவு) தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளை 8×57 மவுசர் (57 மில்லிமீட்டர் கூடுள்ள ஜெர்மன் ரைபிள் அளவு) அளவுக்கு மாற்றுகிறேன். சிலவற்றில், குண்டைப் பிடித்திருக்கும் குறுகிய முன்பகுதியான கழுத்து மயிரிழையாகப் பிளந்துவிடுகிறது. பித்தளை மட்டமானதா?

பதில்: பெரும்பாலும் பித்தளையில் குறையில்லை. செம்பு 70 பங்கும் துத்தநாகம் 30 பங்கும் கலந்த இந்த உலோகம், நசுக்கவும் இழுக்கவும் படும்போதெல்லாம் இறுகிக்கொண்டே போய், இனி வளைய இடமில்லை என்ற நிலையில் பிளக்கிறது. சூடேற்றிப் பதப்படுத்தினால் அந்த இறுக்கம் தளரும். ஆனால் கழுத்தையும், அதையடுத்துக் கூடு சரிந்து அகலும் தோளையும் மட்டுமே சூடேற்ற வேண்டும். அடிப்பகுதி இளகினால் வெடிப்பின் அழுத்தத்தை அதனால் தாங்க முடியாது. அப்படி இளகிய கூட்டை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. .30-06 கூட்டின் நீளம் ஏறத்தாழ 63 மில்லிமீட்டர். நீங்கள் தோளைப் பின்னுக்குத் தள்ளி 57-க்கு வெட்டும்போது, பழைய உடற்சுவரின் ஒரு பகுதியே புதிய கழுத்தாகிறது. அது தடித்திருந்தால், துப்பாக்கி அறைக்குள் கழுத்து விரிய இடமின்றிக் குண்டை இறுகப் பிடித்துக்கொள்ள, அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். ஆகவே குண்டைப் பொருத்திப் பார்த்து, கழுத்தின் வெளிவிட்டத்தை மைக்ரோமீட்டரால் அளந்து, தடிப்பு மிகுந்தால் கடைந்து மெலிதாக்குங்கள்.

கூடுகளைத் தேய்த்துப் பளபளப்பாக்க அம்மோனியா கலந்த பாலிஷ் வேண்டாம். பிரிட்டிஷ் இந்தியாவில், குதிரை லாயங்களுக்கு அருகே மழைக்காலத்தில் வைத்திருந்த தோட்டாக்கள் தாமாகவே பிளந்தன. உலோகத்தில் தேங்கிய இறுக்கமும் அம்மோனியாவும் சேர்ந்ததே காரணம் என்பது 1921-இல் விளக்கப்பட்டது.