அமெரிக்காவில் பீனிக்ஸ் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கிறேன். மவுண்டன் பைக் ஓட்டிய பழக்கம் இல்லை. பாலைவனத்தில் முதன்முதலாக ஓட்ட எந்தச் சுற்றுப்பாதை சரி?

கேட்டுவிட்டுப் போகிறீர்களே, அதுவே நல்லது. நான் யாரையும் கேட்காமல் போய் முழங்கால் தோலில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தவன்.

என் ஓட்டு மெக்டவல் மவுண்டன் ரீஜனல் பார்க்குக்கு. ஃபவுண்டன் ஹில்ஸ் ஊரைத் தாண்டிப் போனால் வரும் கவுண்டி பூங்கா. கார் ஒன்றுக்கு இவ்வளவு என்று வாசலில் நுழைவுக் கட்டணம் வாங்குவார்கள். எல்லோரும் உங்களுக்குச் சொல்லப்போவது அங்கே இருக்கும் பெம்பர்டன் டிரெயிலைத்தான். 15 மைலுக்குக் கொஞ்சம் கூட, அதாவது ஏறக்குறைய 25 கிலோமீட்டர். பெரிய பாறை இல்லை, படிக்கட்டு மாதிரி இறக்கம் இல்லை, பாதையும் தெளிவாகத் தெரியும். மேற்கே மலையடிவாரத்தை நோக்கி மெதுவாக ஏறும், கிழக்கே இறங்கும். “சும்மா வீட்டுத் தெரு மாதிரி” என்று ஆபீஸில் ஒருவர் சொன்னதை நம்பி முதல் நாளே அதில் இறங்கினேன். அதுதான் தப்பு.

போன வழியே திரும்பும் பாதையென்றால் களைத்த இடத்தில் சைக்கிளைத் திருப்பிக்கொள்ளலாம். சுற்றுப்பாதையில் அந்தச் சௌகரியம் பாதித் தூரம் வரைதான். அதைத் தாண்டிவிட்டால் முன்னே போவதுதான் காருக்குக் கிட்ட. எனக்கு எட்டாவது மைலில் தொடை பிடித்துக்கொண்டது. முன்னால் ஏழு மைல், பின்னால் எட்டு. நான் நின்ற இடத்தில் நிழல் என்று ஒதுங்க ஒரு மரம் கிடையாது. 1995-இல் வந்த தீயில் இந்தப் பூங்காவின் பெரும்பகுதி எரிந்துபோனது. சகுவாரோ கள்ளிக்கு ஒரு கிளை முளைக்கவே 50, 75 வருஷம் ஆகும் என்பார்கள். எரிந்த இடம் அவ்வளவு சீக்கிரம் பழையபடி ஆகுமா? பாதித் தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வந்தேன்.

அதனால் முதல் இரண்டு மூன்று வாரம் அதே பூங்காவில் உள்ள நார்த் டிரெயில் போதும். அதுவும் சுற்றுதான், ஆனால் 3 மைல் சொச்சம். முதல் சுற்று நிதானமாக, தெம்பிருந்தால் இன்னொன்று. பந்தயக்காரர்களுக்கென்று தனியாக மூன்று சுற்று இருக்கிறது. அதில் டெக்னிகல் என்று பெயர் போட்டிருப்பதன் பக்கம் இப்போதைக்குத் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

நான் விழுந்த கதைக்கு வருகிறேன். பாதை நடுவே வறண்ட ஓடைகள் குறுக்கிடும், இங்கே ‘வாஷ்’ என்பார்கள். மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும், மற்ற நாளெல்லாம் வெறும் மணல். கரையில் நிற்கும் மெஸ்கீட் மரத்தைப் பார்த்தால் ஊர் ஞாபகம் வரும். நம் சீமைக்கருவேலத்தின் பங்காளிதான் அது. நான் மரத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டே வேகமாக இறங்கி, மணலைக் கண்டதும் பயந்து முன் பிரேக்கைப் பிடித்தேன். முன் சக்கரம் மணலில் புதைந்தது, நான் ஹேண்டில்பாருக்கு மேலே போனேன்.

செய்ய வேண்டியது நேர் எதிர். மணலுக்கு வருமுன்பே லேசான கியருக்கு மாறிவிடுங்கள். உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல், பெடலை விடாமல் மிதியுங்கள். முன் சக்கரம் சற்று அலையும், அலையட்டும். திருப்பிச் சரிசெய்யப் போனால்தான் விழுவீர்கள். வளைவில் பொடிக்கல் கிடக்கும், அங்கேயும் பிரேக்கை வளைவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். கண் வளைவு முடிகிற இடத்தில் இருக்கட்டும். ஓரத்தில் நிற்கும் கள்ளியைப் பார்த்தால் சைக்கிளும் நேரே அதனிடம்தான் போகும்.

கள்ளியில் சோயா (cholla) என்று ஒரு வகை. தூரத்திலிருந்து கரடிபொம்மை மாதிரி பஞ்சுபஞ்சாகத் தெரியும். லேசாக உரசினாலே ஒரு துண்டு கழன்று காலில் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினேன், காலை விட்டுக் கைக்கு வந்தது. ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் கண்ணுக்குத் தெரியாத கொக்கி இருக்கிறது. எதிரே வந்த பெரியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, பையிலிருந்து தலைவாரும் சீப்பை எடுத்தார். சீப்பின் பல்லைத் துண்டுக்கு அடியில் கொடுத்து ஒரே சுண்டு, பத்தடி தள்ளிப் போய் விழுந்தது. அன்றிலிருந்து, தலையில் முடி அதிகமில்லாவிட்டாலும், என் பையிலும் ஒரு சீப்பு உண்டு.

டயரைப் பதம்பார்ப்பது இன்னொரு முள். இங்கே கோட்ஹெட் என்கிறார்கள். எடுத்துப் பார்த்தால் சாட்சாத் நம் நெருஞ்சி. அதே செடிதான், அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தது. ஆகவே வாடகைக்கு எடுத்தாலும் உள்ளே சீலன்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றிய டியூப்லெஸ் டயரா என்று கேட்டு எடுங்கள். இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் வேண்டியதில்லை, இந்தப் பாதைக்கு முன்பக்கம் இருந்தால் போதும். காற்றையும் ஒருமுறை பாருங்கள். எனக்குக் கொடுத்த சைக்கிளில் ரோட்டில் ஓட்டுவதுபோல் 40 பிஎஸ்ஐ வைத்திருந்தார்கள். பிறகு 25-க்கு இறக்கியதும் அதே பாதை வேறு பாதை மாதிரி இருந்தது.

காலம்: அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை, அதுவும் காலையில். கோடையில் 43 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் ஊர் இது. அப்போது வெயில் ஏறுமுன் முடிப்பதென்றால் சரி, இல்லையேல் வேண்டாம். வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் நமக்கு வியர்க்கவே இல்லை என்று தோன்றும், அதில் ஏமாறாதீர்கள். பெம்பர்டனுக்குப் போகும்போது தலைக்கு 3 லிட்டர் தண்ணீர், கொஞ்சம் உப்புக்கடலை. பாதித் தூரத்துக்குள் பாதித் தண்ணீருக்கு மேல் தீர்ந்துவிட்டால், பாதியைத் தாண்டாமல் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

நடப்பவர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் வழிவிட வேண்டியது சைக்கிள்காரர்தான். குதிரை வந்தால் இறங்கி ஓரமாக நின்று, “குட் மார்னிங்” என்று நாலு வார்த்தை சத்தமாகப் பேசுங்கள். ஹெல்மெட் போட்ட உருவம் மனுஷன்தான் என்று குதிரைக்குத் தெரிய வேண்டுமாம்.