விண்ணப்பமே போடவில்லை, அதற்குள் நியூரோசர்ஜன் ஆசையா?

மருத்துவக் கல்லூரிக்கு இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை, அதற்குள் மகள் நியூரோசர்ஜன்தான், அதாவது மூளை, நரம்பு அறுவை நிபுணர்தான் ஆவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், ஊக்கப்படுத்துவதா தடுப்பதா தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஊக்கப்படுத்துங்கள், மருத்துவமனைக்குப் போய் டாக்டர்கள் வேலை செய்வதைக் கூட இருந்து பார்க்கட்டும். ஆனால் துறையை முடிவு செய்வதற்காக அல்ல. டாக்டர் வேலையின் அன்றாடம் தனக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ளத்தான்.

துறையை இப்போதே முடிவு செய்யும் அவசரம் யாருக்கும் இல்லை. எங்கே படித்தாலும் மெடிசின், சர்ஜரி, குழந்தைகள் நலம், மகப்பேறு, மனநலம் என்று வார்டு வார்டாகச் சுற்றி வந்த பிறகுதான் ஸ்பெஷாலிட்டி, அந்தச் சுற்றில் மனம் மாறுகிறவர்கள் நிறைய. பிறந்த குழந்தைக்கு 1-ஆவது நிமிடத்திலும் 5-ஆவது நிமிடத்திலும் நாடித்துடிப்பு, மூச்சு, நிறம் எல்லாம் பார்த்து மதிப்பெண் போடுகிறார்களே, அதை 1952-இல் வகுத்த அமெரிக்க டாக்டர் வர்ஜீனியா அப்கார் முதலில் சர்ஜரிப் பயிற்சியில் இருந்தவர். அறுவையின்போது மயக்க மருந்து கொடுக்கும் துறையான மயக்கவியலுக்கு மாறியதால்தான் பிரசவ அறைகளில் அத்தனை குழந்தைகளைக் கவனிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

சரி, எங்கே தொடங்குவது? நேராக ஆபரேஷன் தியேட்டரில் வேண்டாம், புறநோயாளிகள் பிரிவில் தொடங்கட்டும். தெரிந்த டாக்டர் ஒருவரைக் கேட்டு, மருத்துவமனையிடம் முறையாக அனுமதி வாங்கி, ஓரமாக உட்கார்ந்து பார்க்கட்டும். அதே தலைவலி, அதே முதுகுவலி, அதே கேள்விக்குப் பொறுமையாக அதே பதில், நடுநடுவே கேஸ் ஷீட் எழுதுவது என்றுதான் பொழுது போகும். நியூரோசர்ஜரி என்றால் மூளை மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள், முதுகுத்தண்டுப் பிரச்சினைகளுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. விபத்தில் தலையில் அடிபட்டவர்கள் நள்ளிரவில் வருவார்கள், பிழைப்பது கடினம் என்று குடும்பத்தாரிடம் சொல்வதும் அதே டாக்டரின் வேலைதான்.

தியேட்டருக்குள் அனுமதித்தால், சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். துணி போர்த்திய மேஜை, கருவிகள் எதன் மேலும் கை படக்கூடாது. தலை சுற்றினால் உடனே நர்ஸிடம் சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துவிட வேண்டும். முதல்முறை பார்க்கிற பலருக்கும் இது வரும், இதை வைத்து நமக்குத் தகுதி இல்லை என்று அவள் எண்ணிவிடக் கூடாது. நோயாளி வேண்டாம் என்றால் மறுபேச்சில்லாமல் வெளியே வந்துவிட வேண்டும். போட்டோ கூடவே கூடாது. குறிப்பெடுக்கலாம், நோயாளியின் பெயரோ அடையாளமோ இல்லாமல்.

அப்புறம், கண்ணில் படாத துறைகளையும் காட்டுங்கள். மூளைக் கட்டி அறுவையில் ஒரு துணுக்கை எடுத்து, திசுக்களைச் சோதிக்கும் பேத்தாலஜி பிரிவுக்கு அனுப்புவார்கள். அங்கே அதை உறையவைத்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஏறக்குறைய 20 நிமிடத்தில் பதில் சொல்கிறார்கள். அந்தப் பதிலை வைத்துத்தான் பல நேரம் சர்ஜன் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கிறார். மூளைமேல் அவளுக்கு இருக்கும் ஆர்வத்துக்கு இந்த மைக்ராஸ்கோப் அறையிலும் இடம் உண்டு, மூளை, நரம்பு நோய்களுக்கு அறுவை இல்லாமல் மருத்துவம் பார்க்கும் நியூராலஜியிலும் உண்டு, ஸ்கேன் படங்களைப் பார்த்துச் சொல்லும் ரேடியாலஜியிலும் உண்டு. இது தெரியாமல்தான் பிள்ளைகள் ஒரே பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

டாக்டரிடம் ஏன் இந்தத் துறைக்கு வந்தீர்கள் என்று கேட்டால் நன்கு பழகிய பதில்தான் வரும். நேற்று காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள், எது உங்களைக் களைப்பாக்குகிறது, பயிற்சி எத்தனை ஆண்டு என்று கேட்கட்டும். நியூரோசர்ஜரிக்குப் பட்டம் வாங்கிய பிறகும் பல நாடுகளில் 6 முதல் 8 ஆண்டுகள் ஆகும் என்பதை ஒரு டாக்டர் வாயால் கேட்பது நீங்கள் சொல்வதைவிட நன்றாக மனதில் பதியும்.

வீடு திரும்பியதும் பிடித்ததா என்று உடனே கேட்காதீர்கள். என்ன பார்த்தாய் என்று மட்டும் கேளுங்கள். கருவிகளைப் பற்றியே பேசுகிறாளா, படுக்கையில் இருந்தவரைப் பற்றியும் பேசுகிறாளா என்று கவனியுங்கள். மறுநாள் போகத் தயங்கினால், பயமா சலிப்பா என்று பொறுமையாக விசாரியுங்கள். பயம் பழகப் பழகப் போகும். சலிப்பு என்றால் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது.