ப்ராடிஜி என்று யாரை எழுதலாம்?

கேள்வி: எங்கள் இசைப் பள்ளி ஆண்டு மலருக்கு ஆங்கிலத்தில் அறிமுகக் குறிப்பு எழுதுகிறேன். 11 வயது வயலின் மாணவி ஒருத்தியை 'ப்ராடிஜி' என்று எழுதலாமா? அவளுடைய ஆசிரியருக்கும் அதே சொல் பொருந்துமா? இதற்கும் ஜீனியஸுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: மாணவிக்கு ஒரு நிபந்தனையோடு எழுதலாம். ஆசிரியருக்கு வேண்டாம்.

திறமையும் வயதும் சேர்ந்தால்தான் ப்ராடிஜி. இந்தச் சொல்லின் லத்தீன் மூலம், இயற்கைக்கு மாறாக நடந்து, வரப்போவதை முன்கூட்டியே காட்டும் நிமித்தத்தைக் குறித்தது. ஆங்கிலத்திலும் முதலில் அதே பொருள்தான். அபூர்வத் திறமையுள்ள குழந்தையை இப்படி அழைக்கும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டில் வந்தது. பழைய வியப்பு மட்டும் இன்னும் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1765இல் லண்டனில் டெய்ன்ஸ் பாரிங்டன் என்ற அறிஞர், பின்னாளில் பெரும் இசையமைப்பாளரான மோட்சார்ட்டை, பத்து வயது நிரம்பாத பையனாக இருந்தபோது சோதித்துப் பார்த்தார். அதுவரை கண்ணில் படாத, ஐந்து தனிப் பகுதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய இசைக்குறிப்பை முன்னால் வைத்ததும் பையன் தடுமாறாமல் வாசித்தான். நடுவில் செல்லப் பூனை ஒன்று உள்ளே வந்தது. ஹார்ப்சிகார்டை (பியானோ போன்ற பழைய இசைக்கருவி) விட்டு எழுந்து போனவனைத் திரும்ப உட்காரவைக்க நெடுநேரம் ஆயிற்று. இடையிடையே குச்சியைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு அறைக்குள் குதிரை ஓட்டினான். பாரிங்டன் இதையெல்லாம் லண்டன் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பினார். கையில் தேர்ந்த கலைஞனின் வித்தை, மனசு குழந்தையுடையது: ப்ராடிஜி என்பது இதுதான்.

நிபந்தனை இங்கேதான் வருகிறது. உங்கள் மாணவி தன் வயதுக்கு நன்றாக வாசிக்கிறாளா, அல்லது வளர்ந்த கச்சேரிக் கலைஞர்களின் தரத்துக்கு வாசிக்கிறாளா? இரண்டாவது என்றால் தயங்காமல் எழுதுங்கள். முதலாவது என்றால் 'கிஃப்டட்' (இயல்பிலேயே திறமையுள்ளவள்) போதும், அதுவும் நல்ல பாராட்டுதான். உளவியல் ஆய்வாளர்கள் பலர் பத்து வயதுக்குள் என்றே எல்லை போடுகிறார்கள். பத்திரிகை வழக்கு அவ்வளவு கறார் இல்லை, பதின்ம வயதினரையும் சேர்த்துக்கொள்ளும். ஆனாலும் பெரிய சொல்லைச் சின்னத் தோளில் ஏற்றுமுன் யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பெண் நாளை அதைப் படிப்பாள்.

ஜீனியஸுக்கு வயது கிடையாது. புதிதாக ஒன்றைக் கண்டோ படைத்தோ தந்த மேதைக்கு உரியது அது. ப்ராடிஜியாக இருந்த எல்லோரும் பின்னாளில் ஜீனியஸ் ஆவதில்லை.

ஒரு எச்சரிக்கை. 'இன்னாருடைய ப்ராடிஜி' என்று எழுதிவிடாதீர்கள். ஒருவர் கைப்பிடித்து வளர்த்த சீடரைக் குறிப்பது 'ப்ரோடெஷே' என்ற பிரெஞ்சு வழிச் சொல். ஒலி நெருக்கத்தால் இரண்டும் அடிக்கடி இடம் மாறிவிடுகின்றன. ஊதாரியைக் குறிக்கும் 'ப்ராடிகல்' என்ற சொல்லும் ஒலியில் அருகிலேயே நிற்கிறது, எழுத்துக்கூட்டலைச் சரிபாருங்கள்.

வயலினுக்குப் பக்கத்தில் வரும்போது 'வயலின் ப்ராடிஜி' என்று துறையை முன்னால் வையுங்கள், ஆங்கிலத்தில் அதுதான் இயல்பு. ஆசிரியரின் வாசிப்பு நுட்பத்தைப் புகழ 'வர்ச்சுவோசோ', பலரை உருவாக்கிய பெரியவர் என்றால் 'மேஸ்ட்ரோ'. அடுத்த வரியிலேயே அவள் எந்த உருப்படியை எந்த மேடையில் வாசித்தாள் என்று சேர்த்துவிடுங்கள்.