புற்றுநோய் தரும் வைரஸ்களை முன்பே கண்டறிய நானோ பொருட்கள் உதவுமா?

கேட்டவர் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார்: புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்களை நானோ பொருட்களை (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கான நானோமீட்டரில் அளக்கப்படும் மிகச் சிறிய பொருட்களை) கொண்டு முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா, முடியுமென்றால் இராமநாதபுரம் போன்ற கடலோர மாவட்டங்களுக்கு அதனால் பயன் உண்டா. முதல் கேள்விக்கு ஆம் என்பதே பதில். இரண்டாவதற்கான விடை, சோதனை எவ்வளவு நுட்பமானது என்பதைவிட, அதன் முடிவு எத்தனை நாளில் உரியவர் கைக்கு வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தது. இந்தக் கரையில் ஆய்வக நுட்புநராக வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிய, சிறிய ஆய்வகங்களிலும் பயன்படுத்தப்படும் அட்டைச் சோதனையில் தோன்றும் சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்கத்தால் ஆனது. நகையில் மஞ்சளாக மின்னும் தங்கம், ஏறத்தாழ 20 முதல் 40 நானோமீட்டர் அளவுள்ள துகளாகிவிட்டால், பச்சை ஒளியை உறிஞ்சிக்கொண்டு சிவப்பாகத் தெரிகிறது. வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் இருந்தால், அந்தத் துகள்கள் அதனுடன் பிணைந்து கோட்டில் வந்து தங்குகின்றன. ஆக, இவ்வைரஸைப் பொறுத்தவரை நானோ பொருள் இங்கே வந்து நெடுநாளாகிவிட்டது.

கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) அவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை. ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த கண்டுபிடிப்பு இந்த வைரஸைப் பற்றியதுதான். இதன் 16, 18 ஆகிய வகைகளே இப்புற்றுநோயில் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணம். இது கருப்பைவாயின் மேல்தோலிலேயே தங்கிவிடுவதால் ரத்தச் சோதனையில் பார்க்க இயலாது. அங்கிருந்து எடுத்த மாதிரியில் அதன் டி.என்.ஏ.வைத்தான் தேட வேண்டும். அதுவும் மிகக் குறைவாக இருப்பதால் முதலில் படியெடுத்துப் பெருக்க வேண்டியிருக்கிறது. மாறி மாறிச் சூடாக்கிக் குளிரவைத்து அப்படிப் பெருக்கும் வழக்கமான பி.சி.ஆர். முறைக்கு விலை கூடிய கருவியும் தடையில்லா மின்சாரமும் பழகிய கைகளும் தேவை.

நானோ பொருட்கள் இந்தச் சோதனைச் சங்கிலியின் வெவ்வேறு கண்ணிகளில் உதவுகின்றன. சிலிக்கா பூசிய இரும்பு ஆக்சைடு துகள்கள் மாதிரியிலுள்ள டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும்; குழாயின் பக்கத்தில் ஒரு காந்தத்தை வைத்தால் அவை ஒதுங்கிவிடுவதால், சுழற்றுக் கருவி இல்லாமலே கழுவித் தூய்மைப்படுத்தலாம். ஒரே வெப்பநிலையில் பெருக்கும் முறைகளுடன் தங்கத் துகள் அட்டையை இணைத்தால் விடையைக் கண்ணாலேயே படிக்கலாம். கிராஃபீன் (ஓரணுத் தடிமனுள்ள கார்பன் ஏடு) பூசிய மின்முனைகளும் ஆய்வில் உள்ளன. எனக்குப் பிடித்த முறை உப்பை வைத்துச் செய்வது: வெறும் தங்கத் துகள் கரைசலில் உப்பைச் சேர்த்தால் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு சிவப்பு நீலமாகிவிடும், தேடும் வரிசைக்கு இணையாகச் செய்த ஒற்றை இழை டி.என்.ஏ. அவற்றின் மேல் படிந்திருந்தால் திரளாமல் காக்கும், தன் இணையைச் சேர்ந்து இரட்டை இழையாகிவிட்டாலோ காக்காது. எனவே தேடும் வரிசை இருக்கிறதா என்பதை நிறமே சொல்லிவிடும்.

ஆனால் மிகச் சிறிய அளவையும் காட்டிவிடும் என்று விளம்பரப்படுத்தப்படும் உணர்விகளைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. எச்.பி.வி. தொற்றுகளில் பெரும்பாலானவை இரண்டு ஆண்டுகளுக்குள் உடலாலேயே நீக்கப்படுகின்றன. நிலைத்துவிட்ட தொற்று புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. ஒரு சில வைரஸ்களையும் காட்டிக்கொடுக்கும் சோதனை, தானே மறையக்கூடிய தொற்றுக்காக ஒரு பெண்ணை வீணாக அஞ்ச வைத்து, கணவன் வீட்டாரின் பேச்சுக்கும் ஆளாக்கிவிடலாம்.

இங்கே உண்மையான இடைவெளி வேறு. பாசி எடுக்கவோ மீன் விற்கவோ போகும் பெண், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுச் சோதனைக்கு வருகிறார். முடிவைச் சொல்ல மறுபடி அழைத்தால் அவருக்கு இன்னொரு நாள் கூலி போகிறது. பலர் திரும்பி வருவதில்லை. மாதிரியைத் தாமே எடுத்துத் தர வகைசெய்து, ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்லி, தேவைப்பட்டால் மருத்துவர் அன்றே பார்த்து, மாறிவிட்ட திசுவைச் சூட்டால் அழிக்கும் வெப்பச் சிகிச்சை செய்ய வழி கிடைக்குமானால், அதுதான் நானோ பொருட்கள் இந்தக் கரைக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி. உப்புக்காற்றின் ஈரத்தையும் வெயிலையும் தாங்கும் உறையில் அட்டை வர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் சோதனையை ஒரே ஒரு முறை செய்ததே இப்புற்றுநோய் இறப்புகளை 35 விழுக்காடு குறைத்தது. 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அந்தச் சோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. டி.என்.ஏ. சோதனை செய்துகொள்ள வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021 முதல் அதைத்தான் முதன்மையாகப் பரிந்துரைக்கிறது.