கார்ட்டூனில் பொய் இருக்க முடியுமா?

கேள்வி: குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஓர் அரசியல் கார்ட்டூனைப் போட்டார். "இது பச்சைப் பொய்" என்றேன். "கார்ட்டூன்ல ஏதுப்பா பொய்யும் உண்மையும்?" என்கிறார். இதற்கு எப்படிப் பதில் சொல்வது?

பதில்: சித்தப்பா சொல்வது பாதி சரி. மூக்கை நீட்டுவதும் தொப்பையைப் பெருக்குவதும் பொய்யில் சேராது. அதில் சண்டை பிடித்தால் நீங்கள்தான் தோற்பீர்கள். ஆனால் படத்துக்குள் ஒரு குற்றச்சாட்டு இருக்கும். அதை 'இன்னார் இதைச் செய்தார்' என்று ஒரே வரியில் எழுதி, "இதைத்தானே சொல்கிறது?" என்று அவரிடமே கேளுங்கள். அவர் ஒப்புக்கொண்ட பிறகு அந்த வரியை மட்டும் சோதியுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஆளுக்கொரு அர்த்தத்தை வைத்துக்கொண்டு விடிய விடியப் பேச வேண்டியதுதான்.

2012இல் என்சிஇஆர்டி (மத்திய அரசின் பள்ளிப் பாடநூல் நிறுவனம்) பாடநூல்களில் இருந்த இரண்டு கார்ட்டூன்கள் பெரும் சர்ச்சையாயின. ஒன்று, கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949இல் வரைந்தது. அரசியலமைப்பு என்ற நத்தைமேல் அம்பேத்கர் அமர்ந்திருக்க, பின்னால் சாட்டையோடு நேரு. ஒரு வரியில் சொன்னால்: 'அரசியலமைப்பு வேலை மந்தமாக நடக்கிறது.' காலக்கணக்கு பொய்யில்லை. 1946 டிசம்பரில் தொடங்கிய வேலை 1949 நவம்பரில்தான் முடிந்தது. ஆனால் ஏன் அவ்வளவு காலம் என்பதைப் படம் சொல்லவில்லை. தாமதம் என்ற விமர்சனத்துக்கு அம்பேத்கரே 1949 நவம்பர் 25 அன்று அரசியலமைப்பு அவையில் பதில் சொன்னார்: அமெரிக்க அரசியலமைப்பில் 7 பிரிவுகள், நம்முடையதில் 395, அதோடு 2,473 திருத்தங்களை அவை விவாதிக்க வேண்டியிருந்தது. விட்டுப்போன எண்ணை எடுத்து வைப்பதுதான் இந்த வகைக்குச் சரியான மறுப்பு. சாட்டை தலித் மக்களைப் புண்படுத்தியது என்பதும் நியாயமான வாதமே. ஆனால் அது மரியாதை பற்றியது, உண்மை பற்றியது அல்ல. இரண்டையும் ஒரே மூச்சில் பேசினால் இரண்டுமே அடிபடும்.

மற்றொன்று, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றி ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்தது. 'பையனுக்கு ஆங்கிலமும் படிக்கத் தெரியாது' என்பது அதன் வசனம். ஒரு வரியில் சொன்னால்: 'போராடும் மாணவர்களுக்கு ஆங்கிலமும் தெரியாது.' இங்கே அந்த வரி சோதனையில் நிற்காது. போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்கள் கல்லூரி மாணவர்கள். அன்றைய கல்லூரிப் படிப்பு பெரும்பாலும் ஆங்கில வழியில்தான். ஆங்கிலம் தெரிந்தவர்கள், அது ஆட்சிமொழியாகத் தொடர வேண்டும் என்று கேட்டார்கள். ஆக, வரைந்தவர் எவ்வளவு பெரியவர் என்பது முக்கியமில்லை. கார்ட்டூனிலும் தவறான தகவல் இருக்க முடியும். சித்தப்பாவுக்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

வாதத்தில் இறங்கும் முன் படத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓவியரின் கையெழுத்து வெட்டப்பட்டிருக்கிறதா? பேச்சுக் குமிழுக்குள் மட்டும் எழுத்து கணினி அச்சாக, பின்னணி வேறு வெள்ளையாக இருந்தால் வசனத்தை மாற்றியிருக்க வாய்ப்பு உண்டு. பழைய படம் புதிய சம்பவத்துக்கு ஓடுவது அதைவிட அதிகம். படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போட்டால் முதலில் எங்கே வந்தது என்பது பல நேரம் தெரிந்துவிடும்.

இதே படத்தில் உங்களுக்குப் பிடித்த தலைவரின் முகம் இருந்திருந்தால் அதே அளவுகோலை வைப்பீர்களா என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள். சித்தப்பாவின் முதல் எதிர்க்கேள்வி அதுதான். "காசு வாங்கிக்கொண்டு வரைந்தான்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும், படத்தின் வரி தப்பிவிடும்.

வசனம் மாற்றப்பட்டது உறுதியானால் குழுவில் வாதம் வேண்டாம். அசல் படத்தைத் தேதியோடு போட்டுவிட்டு, சித்தப்பாவைத் தனியாக அழைத்து நீக்கச் சொல்லுங்கள். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவின்படி அவதூறுக்கு 2 ஆண்டுவரை சிறை உண்டு. "நான் வரையலையே, ஃபார்வர்டுதானே பண்ணேன்" என்ற சமாதானத்தை நம்பி இருக்க முடியாது.